வம்பும் வழியும்

பெண்கள் கூடிப் பேசினால் அதற்கு வம்பு என்று பெயர். ஆண்கள் டீக்கடையில் அதையே பேசினால் அரசியல் ஆகிவிடும். இந்தப் பாகுபாடு கணினி வலையமைப்புப் பாடத்திலும் வந்து உட்கார்ந்திருக்கும் என்று நான் நினைத்ததில்லை. கணினித் துறையில் வேலை பார்க்கும் தோழி ஒருத்தி, ஆய்வகக் கையேடு ஒன்றைத் தமிழில் கொண்டுவர வேண்டும், கலைச்சொற்களைப் பார்த்துக் கொடு என்று தந்தாள். ஐபிவி6 முகவரிகள் ஓடும் வலையமைப்பில் ஒரு சாதாரண லினக்ஸ் கணினியை ரூட்டராக மாற்றி, தானே வழி தேடிக்கொள்ளும் டீமனை அதில் எப்படி அமைப்பது என்பதுதான் பொருள். வழி தேடுவதில் பழைய முறை ஒன்று உண்டு. ஒவ்வொரு ரூட்டரும் பக்கத்து ரூட்டரிடம் கேட்டதை அடுத்த ரூட்டரிடம் சொல்லும். ஆங்கிலப் பாடநூல்கள் அதை வதந்தியால் வழி காண்பது என்று கேலி செய்கின்றன.

கேலியில் உண்மை இல்லாமல் இல்லை. எங்கள் கடற்கரையை வைத்தே சொல்கிறேன். ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகிற சாலையில் உச்சிப்புளி, மண்டபம், பிறகு கடல், அதைத் தாண்டிப் பாம்பன். மண்டபத்துக்காரி சொல்கிறாள்: "பாம்பன் எனக்கு ஒரு எட்டு." அதைக் கேட்ட உச்சிப்புளிக்காரி, "அப்படியானால் எனக்கு இரண்டு எட்டு" என்று குறித்துக்கொள்கிறாள். ஒருநாள் பாலம் அறுந்துபோகிறது. மண்டபத்துக்காரி திகைத்து நிற்கும்போது, உச்சிப்புளிக்காரி பழைய கணக்கை வைத்து, "எனக்குப் பாம்பன் இரண்டு எட்டுத்தான்" என்கிறாள். அந்த வழி தன் வழியாகவே போனது என்று மண்டபத்துக்காரிக்குத் தெரியாது. "அப்படியானால் உன் வழியாகப் போனால் எனக்கு மூன்று" என்று எழுதுகிறாள். உச்சிப்புளி நான்காக்குகிறது. மண்டபம் ஐந்து. இல்லாத பாலத்தின் மேல் இருவரும் எண்ணிக்கொண்டே போவார்கள். அதனால்தான் ரிப் என்கிற நெறிமுறையில் 16 வந்தால் முடிவிலி, இனி வழியில்லை என்று வைத்துக்கொள் என விதி செய்தார்கள். ஐபிவி6-க்காக 1997இல் வந்த ரிப்என்ஜியிலும் அதே 16தான். யாரிடமிருந்து கேட்டாயோ அவளிடமே அதைத் திருப்பிச் சொல்லாதே என்றும் ஒரு விதி சேர்த்தார்கள். குடும்பத்துக்குள் இதைக் கடைப்பிடித்தால் பாதிச் சண்டை குறையும்.

ஆனால் கடலோரப் பெண்கள் உண்மையில் இப்படியா பேசுகிறார்கள்? பாம்பன் பக்கம் பாசி எடுக்கப் போகும் பெண்களைப் பாருங்கள். விரலில் துணி சுற்றிக்கொண்டு மன்னார் வளைகுடாவின் பார்களில் மூழ்கிப் பாசி பறிப்பவர்கள். 1986இல் 21 தீவுகளைச் சேர்த்துக் கடல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்ட பிறகு, எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது, இன்று யார் ரோந்து வருகிறார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குப் பிழைப்புச் செய்தி. "நான் இன்னிக்கு அந்தப் பக்கம் போகல மதினி, எனக்குத் தெரியாது" என்று ஒருத்தி சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். தன் கண்ணால் கண்டதை மட்டும் சொல்வது, காணாததைக் காணவில்லை என்பது. வலையமைப்பு உலகம் இந்த ஒழுக்கத்துக்கு வந்து சேரப் பல வருடம் பிடித்தது. வந்தபோது அதற்கு இணைப்புநிலை முறை என்று கௌரவமான பெயர் சூட்டியது.

அந்த முறையில் ஒவ்வொரு ரூட்டரும் தன்னைப் பற்றி மட்டும் ஒரு சீட்டு எழுதும். "நான் மண்டபம். என் அண்டை உச்சிப்புளி, பாம்பன்." அந்தச் சீட்டு எல்லோருக்கும் போகும். சீட்டுகளைச் சேர்த்து ஒவ்வொருவரும் ஊர்ப்படம் வரைந்து, வழியைத் தாமே கணக்கிட்டுக்கொள்வார்கள். அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் 1979இல் இதற்கு மாறியது.

மறு வருடமே அடி விழுந்தது. எது புதிய சீட்டு, எது பழையது என்று அறிய வரிசை எண் போட்டிருந்தார்கள். 0 முதல் 63 வரை, பிறகு கடிகாரம் போல மீண்டும் 0. 1980 அக்டோபர் 27 அன்று வன்பொருள் பழுதால் சில பிட்டுகள் உதிர்ந்து, ஒரே ரூட்டரின் பெயரில் 44, 40, 8 என்ற மூன்று சீட்டுகள் உலவத் தொடங்கின. 40ஐ விட 44 புதியது. 8ஐ விட 40 புதியது. சுற்றி வருவதால் 44ஐ விட 8 புதியது. மூன்றும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு, ஒவ்வொரு கணுவும் அவற்றையே விடாமல் அனுப்பிக்கொண்டிருக்க, மொத்த வலையமைப்பும் சில மணி நேரம் செத்துக் கிடந்தது. பழுதான கருவியை ஒதுக்கிய பிறகும் சீட்டுகள் சாகவில்லை. மனிதர்கள் தலையிட்டுத்தான் அடக்க வேண்டியிருந்தது.

இதற்குத் தீர்வு எழுதியவர் ரேடியா பெர்ல்மன். 1983இல் வெளிவந்த அவரது கட்டுரை, வழிச் செய்தியைப் பழுதுகளுக்கு நடுவிலும் பத்திரமாகப் பரப்புவது எப்படி என்பதைப் பற்றியது. எண் சுழலக்கூடாது, நேர்க்கோட்டில் வளர வேண்டும். சீட்டுக்கு ஆயுள் வேண்டும், புதுப்பிக்க ஆள் இல்லாவிட்டால் அது தானே மடிய வேண்டும். எவ்வளவு குப்பை உள்ளே புகுந்தாலும், பழுதை நீக்கியதும் யார் கையும் படாமல் வலையமைப்பு தானே தேறிவர வேண்டும். டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் அவர் வடித்த வழிமுறை ஐஎஸ்-ஐஎஸ் என்ற நெறிமுறையாக வளர்ந்து, இன்றும் பெரிய இணையச் சேவை நிறுவனங்களின் முதுகெலும்பில் ஓடுகிறது.

அவருடைய அம்மா கணினி நிரலாளர். மகளோ 1970களில் எம்ஐடியில், பள்ளிக்கூட வாசலே காணாத சின்னக் குழந்தைகளும் நிரல் எழுதும்படி ஒரு கருவியைச் செய்தார். பிறகு அதைப் பல காலம் வெளியே சொல்லாமல் இருந்தார். குழந்தைகளோடு வேலை செய்தவள் என்றால் விஞ்ஞானியாக மதிக்க மாட்டார்களோ என்ற தயக்கம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு கூட்டத்தில் வழி காணும் சிக்கலுக்குத் தீர்வு சொல்லி முடித்தாராம். நடத்தியவரோ, இந்தச் சிக்கலுக்குத் தீர்வு தேவை என்று அறிவித்துக் கூட்டத்தை முடித்தாராம். நேர்காணலில் அவர் இதைச் சிரிப்போடு சொல்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாடத்திட்டக் குழுக்களில் உட்கார்ந்த எந்தப் பெண்ணுக்கும் வராது.

1985இல் அவர் இன்னொன்றும் செய்தார். ஈதர்நெட் கம்பிகள் வளையமாகச் சுற்றிக்கொள்ளாமல் மரம் போலக் கிளைக்கச் செய்யும் வழிமுறை. ஒன்றிரண்டு நாளில் விதிகளை எழுதி முடித்துவிட்டு, மேலாளர் விடுப்பில் இருந்த அந்த வாரத்தின் மிச்சப் பொழுதில் அதைக் கவிதையாக்கினார். ஜாய்ஸ் கில்மரின் மரங்கள் பற்றிய புகழ்பெற்ற ஆங்கிலக் கவிதையின் சாயலில் எழுதியது. ஆய்வுக்கட்டுரையிலேயே அது அச்சாயிற்று. பிற்பாடு மகன் மெட்டமைக்க, மகள் பாடினாள். மருத்துவத்தையும் சோதிடத்தையும் செய்யுளில் வைத்திருந்த மொழியிலிருந்து வரும் எனக்கு இதில் வியப்பில்லை. தொழில்நுட்பத்தைப் பாட்டாக்கினால் அதன் கனம் குறைந்துவிடும் என்று நினைக்கிறவர்களைத்தான் புரிவதில்லை.

அவருக்கும் முன்னால் ஒருவர் இருக்கிறார். வெர்ஜினியா ஸ்ட்ராசிசர். வெவ்வேறு வலையமைப்புகளை ஒன்றோடொன்று கோக்கும் வாயில்களுக்கு, அதாவது இன்று நாம் ரூட்டர் என்பவற்றின் முன்னோர்களுக்கு, 1970களில் பிபிஎன் நிறுவனத்தில் நிரல் எழுதியவர். 1979 ஆகஸ்டில் ஒரு வாயிலை எப்படிக் கட்டுவது என்று அவர் எழுதிய குறிப்பு இணைய ஆவண வரிசையில் 109ஆம் எண்ணில் இருக்கிறது. நிலைப்படி தாண்டாதே என்று சொல்லப்பட்ட பாலினத்தில் ஒருத்தி, வாயில் கட்டும் முறையை எழுதிவைத்திருக்கிறாள். எத்தனை பாடநூலில் அவள் பெயர் இருக்கிறது?

கையேட்டுக்கு வருகிறேன். டீமன் என்ற சொல்லில் நாங்கள் இரண்டு நாள் மாட்டிக்கொண்டோம். 1963 வாக்கில் எம்ஐடிக்காரர்கள், இயற்பியலாளர் மேக்ஸ்வெல் கற்பனை செய்த குட்டிப் பூதத்தை நினைத்து வைத்த பெயர் அது. கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் இருந்து ஓயாமல் வேலை பார்ப்பது. பேய் என்று போடலாமா என்றாள் தோழி. எங்கள் ஊரில் பேய் பெண்களைத்தான் பிடிக்கும், வேண்டாம் என்றேன். யார் கண்ணிலும் படாமல் நாள் முழுக்க வேலை செய்து, நின்றுபோனால் மட்டும் தேடப்படுகிறவளுக்கு வீட்டில் ஏற்கெனவே வேறு பெயர் இருக்கிறது. கடைசியில் டீமன் என்றே விட்டுவிட்டோம்.

அமைக்கும் வேலை அச்சுறுத்தும்படி இல்லை. முதலில் லினக்ஸ் கருநிரலிடம், ஐபிவி6 பொதிகளை வாங்கி அடுத்தவருக்குக் கடத்து என்று அனுமதி தர வேண்டும். இல்லாவிட்டால் தனக்கு வந்ததைத் தவிர மற்றதைத் தொடாது. பிறகு எஃப்ஆர்ஆர் என்ற மென்பொருள். 1996இல் குனிஹிரோ இஷிகுரோ தொடங்கிய ஸீப்ராவின் வழியில், அழிந்துபோன வரிக்குதிரை இனமான குவாகாவின் பெயரைத் தாங்கிய மென்பொருளிலிருந்து 2017இல் பிரிந்து வந்தது. அதன் டீமன்கள் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் நேரே இல்லை என்று எழுதியிருக்கும். வேண்டியதற்கு ஆம் என்று மாற்றினால் எழுந்துகொள்ளும்.

எனக்குப் பிடித்தது பெயர்களின் விஷயம். ஐபிவி6 ரூட்டர்கள் தங்களுக்குள் பேசும்போது உலக முகவரியைப் பயன்படுத்துவதில்லை. எஃப்இ80 என்று தொடங்கும், அந்த ஒரு கம்பிக்குள் மட்டும் செல்லுபடியாகும் முகவரியில் பேசிக்கொள்கின்றன. தெருவுக்குள் மதினி, அயித்தை, வெளியே போனால் ரேஷன் அட்டையில் இருக்கும் பெயர் என்பது போல. எரிச்சலூட்டுவதும் ஒன்று உண்டு. ஓஎஸ்பிஎஃப் நெறிமுறையை ஐபிவி6-க்காக 1999இல் திருத்தி எழுதினார்கள். முகவரி 128 பிட்டாக விரிந்த பிறகும் ரூட்டரின் அடையாள எண் மட்டும் பழைய 32 பிட்டிலேயே இருக்கிறது, எழுதுவதும் பழைய நான்கு எண் வடிவில்தான். பழைய முகவரியே இல்லாத வலையமைப்பில் மாணவிகள் அதைக் கையால் எழுதிக் கொடுக்க வேண்டும், மறந்தால் டீமன் வாய் திறக்காது. அப்பா பெயரோ புருஷன் பெயரோ முன்னெழுத்தாக இல்லாமல் விண்ணப்பம் போகாது என்கிற அலுவலகங்கள் நினைவுக்கு வரும். ஐஎஸ்-ஐஎஸ் அப்படி இல்லை. எந்த முகவரி முறைக்கும் கட்டுப்படாமல் முதலிலேயே வகுக்கப்பட்டதால், ஐபிவி6 வந்தபோது இரண்டு புதிய புலங்களைச் சேர்த்ததோடு வேலை முடிந்தது.

இத்தனை புத்திசாலித்தனமும் மாற்றுவழி இருந்தால்தான் உதவும். 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் புயல் தனுஷ்கோடியை அடித்துப் போனபோது, 1914இல் கட்டிய பாம்பன் ரயில் பாலம்தான் தீவுக்கு ஒரே பாலம். அதுவும் உடைந்தது. சாலைப் பாலம் வர 1988 ஆயிற்று. உடைந்த பாலத்தை 46 நாளில் ஓடவிட்ட கதை இங்கே பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். தீவுக்குள் கட்டிக்கொடுத்த மகள் உயிரோடு இருக்கிறாளா என்று மண்டபம் கரையில் நின்று, வந்து இறங்கிய ஒவ்வொருவரையும் விசாரித்த அம்மாக்களின் கதை நான் படித்த புத்தகங்களில் இல்லை. அதை வயதான பெண்கள் சொல்லித்தான் கேட்டேன். ஒவ்வொருத்தியும் தான் கண்டதை மட்டும் சொன்னாள்.

கையேட்டில் வரலாறு எதற்கு, கட்டளைகள் போதுமே என்று ஒரு கருத்து வந்தது. ஸ்ட்ராசிசர், பெர்ல்மன் இருவரையும் பற்றி அரைப் பக்கம் எழுதி, நிறுவும் முறைக்கு முன்னால் சேர்த்திருக்கிறோம். அதை எடுத்துவிடுவதா வைத்துக்கொள்வதா என்பதை முடிவு செய்யும் கூட்டம் அடுத்த மாதம்.