கடனீர்த் தொட்டியும் பாசியும்: ஒரு வரலாற்று நோக்கு

கடலை வாயிலிற் கொண்ட உப்புவெளியிற் கடனீரைக் குடத்தில் முகந்து வருதல் எளிது. அதனை ஒரு திங்களேனும் கெடாது வைத்திருத்தல் அரிது. கண்ணாடித் தொட்டியில் விட்ட மீன் வாடுவதும், சுவரிற் பச்சைப்பாசி படர்வதும், நீர் நாற்றங் கொள்வதும் இதனை முயன்றோர் அறிந்தவை. இவ்விடர் புதிதன்று. ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகளாக ஆராய்ச்சியாளர் இதனோடு போராடி வந்துள்ளனர். அவர்கள் கண்ட வழிகளை முறையே நோக்கின், தொட்டியைப் பேணும் நெறியும் நம் கரையைப் பேணும் கடமையும் ஒருங்கே புலனாகும்.

1846ஆம் ஆண்டில் அன்னா தைன் என்னும் ஆங்கிலப் பெருமாட்டி, ரோக்கீ கடற்கரையிற் பெற்ற பவள உயிர்களை இலண்டனுக்குக் கொணர்ந்து வளர்த்தார். நீர் கெடாதிருத்தற்பொருட்டு, அவர் வீட்டுப் பணிப்பெண் நாள்தோறும் அதனைத் திறந்த பலகணி அருகே பாத்திரத்துக்குப் பாத்திரம் மாற்றி ஊற்றி வந்தாள். காற்றோடு கலக்கும் நீரே உயிர் தாங்கும் என்பதை அவ்வுழைப்புக் காட்டிற்று. பின்னர்க் கடற்பூண்டுகளையும் அவர் நீரில் இட்டார்.

1850இல் றொபேட் வாறிங்ரன் என்னும் இரசாயனவியலார், நன்னீர்த் தொட்டியில் மீனையும் பூண்டையும் ஒருங்கு வைத்துத் தாம் கண்ட முடிபை வெளியிட்டார். பூண்டு ஒட்சிசனைத் தரும்; மீன் காபனீரொட்சைட்டைத் தரும். ஆயினும் அழுகிய இலைகளால் நீர் கலங்கிற்று. நத்தைகளை விட்டபின்னரே அது தெளிந்தது. பாசியையும் அழுகலையும் தின்னும் உயிருக்குத் தொட்டியில் இடமுண்டு என்பது அன்றே அறியப்பட்டது. பின்பு அவர் கடனீரை ஆராய்ந்தபொழுது, மிகுந்த ஒளியே பச்சைப்பாசியைப் பெருக்குகின்றதெனக் கண்டு, மேலிருந்து மட்டும் ஒளி விழுமாறு தொட்டியை அமைத்தார்.

1853இல் இலண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் மீன் இல்லம் திறக்கப்பட்டது. மறு ஆண்டிற் பிலிப் ஹென்றி கொஸ் எழுதிய நூல் இவ்வார்வத்தை வீடுதோறும் பரப்பிற்று. விளைவு என்ன? பலகணியருகே வெயிலில் வைத்த தொட்டிகள் பசுமையேறிக் கெட்டன; புதுமையும் ஓய்ந்தது. அதனினும் கொடிய விளைவு கரையில் நிகழ்ந்தது. சேகரிப்போர் கூட்டத்தாற் பாறைக் குட்டங்களின் எழில் அழிந்தமையை, அவர் மகன் எட்மண்ட் கொஸ் 1907இல் வெளியிட்ட நூலில் வருந்தி எழுதினார்.

வில்லியம் அல்போட் லொயிட் இச்சிக்கலுக்கு வேறொரு விடை கண்டார். 1871இல் இலண்டன் பளிங்கு மாளிகையில் அவர் அமைத்த காட்சிச்சாலையில், தொட்டிகளின் கீழே பெரியதோர் இருட்டு நீர்த்தேக்கம் இருந்தது. நீர் இடையறாது சுழன்று அதனுட் சென்று மீண்டது. ஒளியின்மையாற் பாசி அங்கே தழைக்கவில்லை; நீரின் அளவு மிகுந்தமையால் வெப்பமும் மாசும் விரைந்து ஏறவில்லை. நம் அயலில், சென்னை மெரீனாக் கடற்கரையில் 1909இற் கடல்மீன் காட்சிச்சாலை ஒன்று திறக்கப்பட்டு, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மூடப்பட்டது.

நீர் தெளிவதன் உட்காரணத்தை விளக்கியவர் உருசிய அறிஞர் வினோகிறாட்ஸ்கி ஆவர். மீனின் கழிவிலும் எஞ்சிய உணவிலும் தோன்றும் அமோனியா நஞ்சாகும். அதனை ஒருவகைப் பற்றீரியா நைத்திரைற்றாகவும், பிறிதொரு வகை நைத்திரேற்றாகவும் மாற்றுமென்பது 1890ஆம் ஆண்டளவில் அவர் ஆய்வாற் புலனாயிற்று. இறுதியில் எஞ்சும் நைத்திரேற்றும் பொசுபேற்றும் பாசிக்கு உரமாகின்றன. ஆகவே பாசி நோயன்று; உரம் மிகுந்தது என்பதை உணர்த்தும் குறியே அது. 1961இல் யகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், உயிர் செறிந்த கடற்பாறையைத் தொட்டியில் இட்டு நீரைத் தெளிவிக்கும் முறையை எழுதி வெளியிட்டார். அப்பாறையிற் குடியிருக்கும் பற்றீரியாக்களே பெரும்பணி செய்தன.

இவ்வரலாறு நமக்குத் தரும் நெறிகள் சிலவே. தொட்டி சிறிதாயின் இடர் பெரிது; ஆதலின் இயன்ற அளவு பெரிய தொட்டியில் மீனைக் குறைவாக விடுக. பற்றீரியா நிலைபெறச் சில கிழமைகள் செல்லும். அதற்குமுன் மீனை நிறைத்தலாகாது. தின்று எஞ்சாத அளவே உணவிடுக. நேர்வெயிலை விலக்குக. நீரிற் சிறு பகுதியைக் காலந்தோறும் மாற்றுக. ஆவியாகிக் குறைந்த நீருக்கு ஈடாக நன்னீரையே ஊற்றுதல் வேண்டும்; வெயில் நீரைக் கொண்டுபோய் உப்பை விட்டுச் செல்லும் என்பதை உப்பளம் கண்டோர்க்கு உரைக்க வேண்டுவதில்லை. வடகீழ்ப் பருவமழையில் மாவலிகங்கை கொட்டியாரக் குடாவில் நன்னீரைப் பெருக்கிச் சொரியும். அக்காலத்துக் கரைநீர் கலங்கி உவர் குன்றுமாதலின், மழை ஓய்ந்தபின் முகத்தலே தக்கது.

இனி, கரையைப்பற்றி ஒன்று. கடல்மீன் ஏற்றுமதியின் முன்னோடிகளுள் ஒருவரான றொட்னி யொங்கிளாஸ், சேகரிக்கும் முறையைப்பற்றி 1975இல் நூலே எழுதினார். அவ்வணிகம் வளர்ந்துள்ளது. நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவு 1963இற் காப்பகமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. 1998இற் பிறகரைகளின் பவளம் வெப்பத்தால் வெளிறி மடிந்தபொழுது, திருக்கோணமலைப் பவளம் பெரிதும் தப்பிற்று. தப்பியதைக் கையாற் பெயர்த்தல் தகுமோ? பவளத்தைப் பெயர்ப்பதைச் சட்டமும் தடுக்கின்றது. கழிவுநீர் கலப்பின், தொட்டிக் கண்ணாடியிற் படர்ந்த அதே பாசி பவளத்தின்மேலும் படரும்; ஆங்கே நீரை மாற்றுதற்கு நம்மிடம் வேறொரு கடல் இல்லை.

பாடசாலைதோறும் ஒரு கடனீர்த் தொட்டி இருத்தல் நன்று. பவளமின்றி, சில மீனும் நத்தையும் கொண்ட எளிய தொட்டியே போதும். அதில் உரம் மிகுந்தாற் பாசி படர்வதைக் கண்ணாற் கண்ட மாணவன், கரையிற் குப்பை கொட்டுமுன் ஒருகணமேனும் நின்று எண்ணுவான். அதுவே இக்கல்வியின் பயன்.