கோல்ஃப் பந்தின் கதை

விளையாட்டின் வரலாற்றை எழுதுவோர் வீரர்களின் வெற்றிகளையே பெரிதும் எழுதுவர். ஆட்டத்திற்குரிய கருவிகளைப் பற்றி ஒரு வரி எழுதுவதும் அரிது. ஆயினும் கோல்ஃப் ஆட்டத்தைப் பொறுத்தவரை, அதன் வரலாற்றை வகுத்தது வீரன் மட்டும் அன்று. உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சிறு பந்தும் ஆகும். மட்டையின் வடிவம், மைதானத்தின் நீளம், ஆட வல்லவர் எவர் என்பன எல்லாம் அப்பந்தைப் பொறுத்தே மாறின. முதுமை எய்திய பின்னும் மட்டையைக் கைவிடாத என் போன்றோருக்கு இவ்வரலாறு வெறும் பழங்கதை அன்று. இன்றைய வழக்கு ஒன்றிற்கும் அதுவே திறவுகோல்.

கோல்ஃப் வளர்ந்த இடம் ஸ்காட்லாந்து. 1457-ஆம் ஆண்டிலேயே அந்நாட்டுப் பாராளுமன்றம், மக்கள் விற்பயிற்சியை மறந்து இவ்வாட்டத்தில் மூழ்குகின்றனர் என்று கருதி அதற்குத் தடை விதித்தது. தடை நிலைக்கவில்லை, ஆட்டம் நிலைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அங்கே சிறந்ததெனப் போற்றப்பட்டது இறகு அடைத்த தோற்பந்து ஆகும்.

அதனைச் செய்வது எளிய வேலை அன்று. தோலைப் படிகார நீரில் ஊறவைத்துத் துண்டுகளாக வெட்டித் தைப்பர். சிறு துளை ஒன்றை விட்டு, உட்புறத்தை வெளிப்புறமாகத் திருப்புவர். பிறகு, வேகவைத்த வாத்திறகை அத்துளை வழியே இரும்புக் கோலால் திணிப்பர். ஒரு பந்துக்கு ஒரு பெரிய தொப்பி நிறைய இறகு வேண்டும். கோலின் மறுமுனையை மார்பில் தாங்கி, உடலின் பாரம் முழுவதையும் அதன்மேல் சாய்த்து அழுத்துவர். துளையைத் தைத்து உலர வைத்தால், உள்ளே இறகு விரியும். வெளியே தோல் சுருங்கும். இரண்டும் ஒன்றையொன்று நெருக்குவதால் பந்து கல்லைப் போல் இறுகும். இறகின் தூசியை மூச்சில் வாங்கி இத்தொழிலாளர் மார்பு நோயுற்றனர் என்றும் சொல்வர்.

நாள் முழுவதும் உழைத்தாலும் ஒருவர் மூன்று நான்கு பந்துகளுக்கு மேல் செய்ய இயலாது. ஆகவே ஒரு பந்தின் விலை இரண்டரை ஷில்லிங்கு முதல் ஐந்து ஷில்லிங்கு வரை இருந்தது. மழையில் நனைந்தால் அது கனத்துவிடும். இரும்பு மட்டையின் விளிம்பு பட்டால் தையல் பிளந்துவிடும். அதனால்தான் அக்கால ஆட்டக்காரர் பெரும்பாலும் மர மட்டைகளையே கையாண்டனர். வேறு பந்து வாங்கும் செல்வம் உடையவனே கவலையின்றி ஆடினான்.

இத்தொழிலில் புகழ் பெற்றவர் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரத்து ஆலன் ராபர்ட்சன். அக்காலத்து ஆட்டக்காரருள் முதல்வராகவும் அவரே எண்ணப்பட்டார். பந்து செய்வது அவருக்குக் குடும்பத் தொழில். அவருடைய கடையில் தொழில் கற்றவர் டாம் மாரிஸ் என்னும் இளைஞர். ஆசிரியரும் மாணவரும் இணைந்து ஆடினால் வெல்வார் இல்லை என்பது ஊரறிந்த செய்தி. இவ்விருவரின் நட்பை முறித்தது, தொலைதூரக் காட்டு மரம் ஒன்றின் பால்.

மலாய் நாட்டுக் காடுகளில் கட்டாபெர்ச்சா என்னும் பிசினைத் தரும் மரம் உண்டு. நம் நாட்டு இலுப்பையின் குடும்பத்தைச் சேர்ந்தது அது. அதன் பால் உறைந்தால் கட்டியாகும். வெந்நீரில் இட்டால் களிமண்ணைப் போல் இளகும். ஆறினால் கொண்ட வடிவத்திலேயே மீண்டும் இறுகும். மலாய் மக்கள் வெட்டுக்கத்திகளுக்கு இதனால் பிடி செய்தனர். சிங்கப்பூரில் இருந்த மருத்துவர் மாண்ட்கோமரி இதன் அருமையை உணர்ந்து, 1843-ஆம் ஆண்டில் இலண்டனுக்கு மாதிரிகளை அனுப்பினார்.

1848-ஆம் ஆண்டை ஒட்டி இப்பிசின் கோல்ஃப் பந்தாக உருப்பெற்றது. செயின்ட் ஆண்ட்ரூசில் சமயக் கல்வி பயின்ற ராபர்ட் பாட்டர்சன் என்னும் மாணவர், கீழ்நாட்டிலிருந்து வந்த பெட்டி ஒன்றில் பொருள் உடையாதிருக்க இடப்பட்டிருந்த இப்பிசினை உருட்டி முதற்பந்தைச் செய்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும் அதன் விளைவு உறுதியானது. புதிய பந்து ஏறத்தாழ ஒரு ஷில்லிங்குக்குக் கிடைத்தது. மழைக்கு அஞ்சாதது, நசுங்கினால் வெந்நீரில் இளக்கி மீண்டும் உருட்டிக்கொள்ளலாம். எளிய தொழிலாளியும் மாணவனும் ஆடுதற்கு அது வழி திறந்தது.

ராபர்ட்சன் இதனைக் கண்டு கலங்கினார். புதர்களில் கிடந்த புதுப் பந்துகளை விலை கொடுத்து வாங்கி எரித்தார் என்றுகூடச் சொல்வர். இந்நிலையில் ஒருநாள் ஆட்டத்தின் நடுவே டாம் மாரிசின் கையிருப்புப் பந்துகள் தீர்ந்துவிட்டன. உடன் ஆடியவர் புதுப் பந்து ஒன்றைக் கொடுத்தார். மாரிஸ் அதனைக் கொண்டு ஆடித் திரும்பும் வழியில் ராபர்ட்சன் எதிரே வந்தார். அதனால் எழுந்த பூசலில் மாணவர் கடையை விட்டு வெளியேறித் தனியே தொழில் தொடங்கினார். 1851-ஆம் ஆண்டில் பிரெஸ்ட்விக் என்னும் ஊருக்குச் சென்றார். பின்னாளில், 1861 முதல் 1867 வரையில், ஓப்பன் போட்டியை நான்கு முறை வென்ற மாரிஸ் இவரே.

ராபர்ட்சனைக் குறுகிய மனத்தினர் என்று இகழ்தல் தகுமோ? தலைமுறை தலைமுறையாகக் கையில் படிந்த தொழில், வெந்நீர்ப் பானை ஒன்றால் பயனற்றுப் போவதைக் கண்டவர் அவர். எனினும் காலத்தோடு நெடுநாள் போரிட்டாரல்லர். தாமும் புதுப் பந்து செய்யத் தொடங்கினார். 1858-ஆம் ஆண்டில் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்தை 79 அடிகளில் ஆடி முடித்தார். அங்கே 80-க்குக் கீழே ஆடிய முதல்வர் என்ற பெருமை அதனால் அவருக்கு வாய்த்தது. அப்போது அவர் ஆடியது, தாம் ஒருகால் வெறுத்த அப்பிசின் பந்தைக் கொண்டே.

புதுப் பந்திற்கும் ஒரு குறை இருந்தது. வழவழப்பான புதுப் பந்து சிறிது தொலைவு பறந்து விழுந்துவிடும். அடிபட்டு வடுவேறிய பழைய பந்தோ நேராக, நெடுந்தூரம் பறக்கும். இதனைக் கண்டவர்கள் புதுப் பந்தையே சுத்தியால் கொத்தி வடுவாக்கினர். பின்னோக்கிச் சுழலும் பந்தைக் காற்றே தாங்கி நிற்கிறது என்பதை 1890-களில் எடின்பரோ பேராசிரியர் டெய்ட் விளக்கினார். 1905-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் வில்லியம் டெய்லர், புடைப்புகளுக்கு மாறாகச் சிறு குழிகளை அமைக்கும் முறைக்கு உரிமை கோரினார். குழிகள் பந்தை ஒட்டிய காற்றைக் கலக்கி, பின்னே இழுக்கும் தடையைக் குறைக்கின்றன. இன்றைய பந்துகளிலும் அக்குழிகளே உள்ளன. பிசின் பந்து இரும்பு அடியைத் தாங்கியதால், இரும்பு மட்டைகளும் பெருகின.

ஆனால் மலாய்க் காட்டில் நிகழ்ந்தது வேறு. பாலுக்காக மரத்தையே வெட்டிச் சாய்ப்பது அக்கால வழக்கம். பந்துக்கு வேண்டியது சிறிதளவே. கடலடித் தந்திக் கம்பிகளின் உறைக்கு வேண்டியதோ மிகப் பெரிது. சில பத்தாண்டுகளுக்குள் சிங்கப்பூர்த் தீவில் அம்மரம் அரிதாயிற்று.

அடுத்த மாற்றம் அமெரிக்காவில் எழுந்தது. 1898-ஆம் ஆண்டில் கோபர்ன் ஹாஸ்கெல் என்பவர், குட்ரிச் ரப்பர் தொழிற்சாலையைச் சேர்ந்த பெர்ட்ரம் வொர்க்குடன் கூடி, ரப்பர் நூலை இழுத்து இறுக்கி உருண்டையாகச் சுற்றிய பந்தை உருவாக்கினார். 1902-ஆம் ஆண்டு ஹாய்லேக்கில் நடந்த ஓப்பன் போட்டியில் சாண்டி ஹெர்ட் இப்பந்தைக் கொண்டே வென்றார். பிசின் பந்தின் காலம் அத்துடன் முடிந்தது. பிழையாக அடித்தாலும் துள்ளி ஓடும் இப்பந்து, வலிமை குன்றியோருக்கும் ஆட்டத்தில் இடம் தந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே மலாய் நாட்டில் ரப்பர்த் தோட்டங்கள் பரந்தன. அங்கே வைகறை இருளில் பால்வெட்டச் சென்றவருள் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறிய தொழிலாளர். உலகச் சந்தைக்குச் சென்ற அந்த ரப்பர், சக்கரமாயிற்று, குழாயாயிற்று, பந்தினுள் நூலுமாயிற்று.

பந்தின் வேகம் கூடக்கூடச் சட்டம் தேவைப்பட்டது. 1921-ஆம் ஆண்டில் பந்தின் எடை 1.62 அவுன்சுக்கு மிகாமலும், விட்டம் 1.62 அங்குலத்திற்குக் குறையாமலும் இருக்க வேண்டும் என்று வகுத்தனர். 1931-இல் அமெரிக்கர் விட்டத்தை 1.68 அங்குலம் ஆக்கினர்; 1990-ஆம் ஆண்டில்தான் உலகம் முழுவதும் அவ்வளவு ஒன்றாயிற்று. மட்டைகளிலும் மரக்காம்பு போய் எஃகுக் காம்பு வந்தது. செயின்ட் ஆண்ட்ரூஸ் சங்கத்தார் அதனை ஏற்றது 1929-ஆம் ஆண்டில். மட்டைகள் அளவின்றிப் பெருகவே, ஒருவர் 14 மட்டைகளுக்கு மேல் கொண்டுசெல்லலாகாது என்ற விதி 1938, 1939-ஆம் ஆண்டுகளில் பிறந்தது.

நூல் சுற்றிய பந்தும் நிலைக்கவில்லை. 2000-ஆம் ஆண்டிற்குப் பின், திண்ணிய ரப்பர்க் கருவின்மேல் மெல்லிய உறைகள் போர்த்த பந்து தொழில்முறை ஆட்டத்தில் அதன் இடத்தைப் பற்றிக்கொண்டது. பந்து நெடுந்தூரம் போகவே, மைதானங்களும் நீண்டன. அமெரிக்காவின் அகஸ்டா மைதானத்தில் 13-ஆம் குழிக்குரிய தொலைவு 510 கெஜம்; 2023-இல் அது 545 கெஜம் ஆயிற்று. நீளும் மைதானத்திற்கு நிலமும் நீரும் மிகுதியாக வேண்டும் அன்றோ? இவற்றையெல்லாம் கருதி, பந்தின் தொலைவைக் குறைக்கச் சோதனை முறையை மாற்றுவதாக 2023 டிசம்பரில் விதியாளர் அறிவித்தனர். மிக வலிய அடியாளர் 13 முதல் 15 கெஜம் வரையும், பொழுதுபோக்காக ஆடுவோரில் பெரும்பாலோர் 5 கெஜமோ அதனினும் குறைவாகவோ இழப்பர் என்பது அவர்கள் கணிப்பு.

ஐந்து கெஜம் சிறிது என்று இளைஞர் சொல்லலாம். ஆண்டுதோறும் தோளின் வலிமை சிறிது சிறிதாகத் தேயும் முதியவனுக்கு அது சிறிதன்று. ஆயினும் இவ்வரலாற்றை எண்ணிப் பார்த்தால் என் மனம் அம்மாற்றத்தை மறுக்கவில்லை. பிசின் பந்தும் ரப்பர்ப் பந்தும் போற்றத்தக்கனவாயின. காரணம், அவை தந்த தொலைவு மட்டும் அன்று. முன்பு ஆட இயலாதவரை அவை களத்திற்கு அழைத்து வந்தன. நிலத்தை விழுங்கி விலையை ஏற்றும் தொலைவோ, வந்தவரையே வெளியே அனுப்பும். இனி வரும் பந்து எதுவாயினும், அது எத்தனை கெஜம் போகிறது என்பதோடு, எத்தனை பேரை ஆட வைக்கிறது என்றும் கேட்பதே முறை.