கொழுந்து கிள்ளும் விரல்கள்

மனிதனின் கை பொருளைப் பற்றும் முறை இருவகைப்படும். மண்வெட்டியின் பிடியை உள்ளங்கையோடு சேர்த்து இறுக்குவது ஒன்று. பெருவிரல் நுனியை மற்ற விரல் நுனிகளுக்கு எதிரே கொணர்ந்து ஊசியை எடுப்பது மற்றொன்று. 1956இல் பிரிட்டிஷ் அறிஞர் ஜான் நேப்பியர் இவற்றை வலுப்பிடி, நுண்பிடி எனப் பொருள்படும் பெயர்களால் வகுத்துக் காட்டினார். கை உழைப்பின் கருவி மட்டுமன்று, உழைப்பின் விளைவுமாகும் என்று 1876இலேயே ஏங்கல்ஸ் எழுதியிருந்தார். இவ்விரு பிடிகளின் வரலாற்றை நாம் ஊவா மலைகளிலே கண்கூடாகக் காணலாம்.

முதலில் வந்தது கோப்பி. காடழிக்கவும் பாதை வெட்டவும் வலுப்பிடியே வேண்டியிருந்தது. பழம் பறிக்கும் பருவத்திற்கெனத் தமிழகத்திலிருந்து வந்தோரில் பெரும்பாலார் ஆண்கள். பருவம் முடிந்ததும் பலர் ஊர் திரும்பினர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, அவ்விடத்தைத் தேயிலை பிடித்தது. 1890இல் லிப்டன் அப்புத்தளைப் பகுதியில் தோட்டம் வாங்கினார். தேயிலையோ ஆண்டு முழுவதும் துளிர்ப்பது. உரிய நாளில் கிள்ளாவிடில் கொழுந்து முற்றிவிடும். எனவே மலையை விட்டகலாத கைகள் முதலாளிகளுக்குத் தேவைப்பட்டன. குடும்பங்கள் லயங்களில் நிலையாகக் குடியமர்த்தப்பட்டன. கவ்வாத்துக் கத்தி ஆணின் கைக்கும், கொழுந்துக் கூடை பெண்ணின் முதுகுக்கும் சென்றன.

இரண்டு இலையும் ஒரு குருத்தும். முற்றியதை விடுத்து இளையதைக் கண் தேரும் முன்பே விரல் தேர்ந்துவிடுகிறது. இரு கைகளும் ஒருசேரக் கிள்ளி, தோளுக்கு மேலாகக் கூடையில் எறிகின்றன. இத்திறன் பெண்ணின் இயற்கைக் குணமென்று காலமெல்லாம் சொல்லப்பட்டது. இயற்கை தந்ததற்கு விலை எதற்கு என்பதே அப்பேச்சின் உட்பொருள்! உண்மையில் அது தாயிடமிருந்து மகள், நிரையிலே நின்று, வெயிலிலும் மழையிலும் கற்ற தொழில். எனினும் ஆணுக்குச் சமமான நாட்கூலி 1984இல்தான் பெண்ணுக்குக் கிட்டியது. குறித்த நிறை சேராத நாளிலோ, முழுநாள் நின்றவளுக்கும் அரைப்பேரே விழுந்தது.

அதே பெருவிரல் சம்பளப் பதிவில் கைநாட்டாகச் செல்லுபடியாயிற்று. நாட்டின் குடிமைப் பதிவில் செல்லுபடியாகவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1964இல் இரு அரசுகள், அம்மக்களைக் கேளாமலே, அவர்களைத் தம்முள் பங்கிட்டன. எஞ்சியோரின் நாடற்ற நிலையைத் தீர்க்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. அதற்குள் அரை நூற்றாண்டு கழிந்துவிட்டது.

ஊவாத் தேயிலையின் நறுமணத்திற்குக் காற்றையும் மலையையும் காரணம் கூறுவர். அது சரியே. ஆனால் காற்று கொழுந்தைக் கிள்ளுவதில்லை; மலை அதைத் தரம் பிரிப்பதில்லை. விரலின் திறனை இயற்கையின் கணக்கில் எழுதும் வரை கூலி குறைந்தே நிற்கும். அதைக் கற்ற தொழிலென ஒப்புக்கொள்ளும் நாளில்தான் நியாயமான கூலியைப் பற்றிய பேச்சு தொடங்கும்.