கோபித்துக்கொண்டு போனவர்கள்

நான் பி.காம். படித்தபோது பயமுறுத்திய பாடம், கூட்டு வியாபாரத்தைக் கலைக்கும் கணக்கு. கட்டடம், மெஷின், சரக்கு எல்லாவற்றுக்கும் விலை போட்டுவிடலாம். 'குட்வில்' என்று ஒன்று வரும் பாருங்கள், அங்கேதான் பேனா நிற்கும். கடையின் நல்ல பேருக்கு என்ன விலை? பிரிந்து போகிறவர் அதை எடுத்துக்கொண்டு போக முடியுமா?

கொங்கு நாட்டில் இது வெறும் பாடப்புத்தகச் சமாச்சாரம் இல்லை. பங்காளிகள் பிரிந்து, எதிர் வரிசையிலேயே இன்னொரு கடை திறக்கும் கதைகளைப் பார்த்துத்தானே வளர்ந்தோம்! அப்படிப்பட்ட இரண்டு 'பாகப்பிரிவினை'களின் கதை இது. இரண்டுக்கும் நடுவே சரியாக நூறு வருஷ இடைவெளி.

முதலாவது, நம் பக்கத்திலேயே நடந்தது. கோவையிலிருந்து பெங்களூர் பஸ் பிடித்தால் சேலம், தர்மபுரி தாண்டி கிருஷ்ணகிரி வருமில்லையா, அங்கே. அன்றைக்கு அது சேலம் ஜில்லா.

1706-ல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் விதைத்த லுத்தரன் சபையை, 1840-களிலிருந்து ஜெர்மனியின் லீப்சிக் மிஷன் கவனித்து வந்தது. தமிழ்நாட்டில் வேலை செய்துகொண்டிருந்த அதன் ஊழியர்களில் இருவர் தியோடர் நேதர், ஃபிரான்ஸ் மோன். பைபிளின் ஒவ்வொரு வார்த்தையும் கடவுள் தந்தது, அதில் பிழைக்கே இடமில்லை என்பது இவர்கள் கட்சி. ஆனால் ஜெர்மன் பல்கலைக்கழகங்களிலோ பைபிளையும் மற்ற பழைய நூல்களைப் போல ஆராயலாம் என்ற புதுக்காற்று வீசிக்கொண்டிருந்தது. மிஷன் தலைமை அதைக் கண்டிக்கவில்லை என்று இவர்களுக்குக் கோபம். தகராறு முற்றி, 1893 வாக்கில் உறவு அறுந்தது.

யோசித்துப் பாருங்கள். அந்நிய தேசத்தில், சம்பளம் கொடுத்த நிர்வாகத்தோடு முறித்துக்கொண்டு நிற்பது எப்படி இருந்திருக்கும்!

கை கொடுத்தது அமெரிக்காவின் மிசௌரி சினட். அதுவே கோபித்துக்கொண்டு வந்தவர்களின் வாரிசுதான். சபை நீர்த்துப் போய்விட்டது என்று சொல்லி 1838-ல் ஜெர்மனியின் சாக்சனியிலிருந்து ஐந்து கப்பல்களில் கிளம்பியவர்கள் அவர்கள். ஒரு கப்பல் கரை சேரவே இல்லை. மிச்சப் பேர் மிசௌரியில் குடியேற, 1847-ல் சிகாகோவில் உருவானது சினட். 1894-ல் அது நேதரையும் மோனையும் இந்தியாவுக்கு அனுப்பியது. அடுத்த வருஷமே கிருஷ்ணகிரியில் வேலை தொடங்கினார் நேதர். மோன் ஆம்பூருக்குப் போனார். 1904-ல் பிளேக் நோய் நேதரை வாரிக்கொண்டு போனது. ஒன்பதே வருஷம்!

இரண்டாவது பிரிவினை, டார்ட்ஸில். வட்டப் பலகையில் அம்பு எறியும் விளையாட்டுதான். 1993-ல் இங்கிலாந்தில் எரிக் பிரிஸ்டோ, ஃபில் டெய்லர் உட்பட 16 முன்னணி வீரர்கள், பழைய சங்கமான பி.டி.ஓ.வை விட்டு வெளியேறினார்கள். டி.வி.யில் போட்டிகள் குறைந்து வருமானம் படுத்துவிட்டது, சங்கமோ அசையவில்லை என்பது புகார். பதிலுக்குச் சங்கம் தடை போட்டது. விவகாரம் கோர்ட் வரை போய், 1997-ல்தான் சமரசம்.

தடைக்காக அவர்கள் முடங்கிவிடவில்லை. 1994 ஜனவரியில், பர்ஃப்ளீட் என்ற ஊரில் தங்கள் முதல் உலகப் போட்டியை நடத்தி முடித்தார்கள். டென்னிஸ் பிரீஸ்ட்லி ஜெயித்தார். பரிசு 16,000 பவுண்டு. இன்று பி.டி.சி. என்ற பெயரில் நடக்கும் அதே போட்டியில், 2026 ஜனவரியில் ஜெயித்தவருக்குக் கிடைத்தது 10 லட்சம் பவுண்டு! நம் ஊர் நிதின் குமார்கூட அந்த மேடையில் ஆடியிருக்கிறார். பழைய பி.டி.ஓ.? 2020-ல் கடையை மூடிவிட்டது.

அப்படியென்றால் பிரிந்து போனவர்களே ஜெயிப்பார்கள் என்று கணக்கு எழுதிவிடலாமா? அவசரப்படாதீர்கள். கிருஷ்ணகிரி பேரேடு வேறு மாதிரி முடிகிறது.

நேதரும் மோனும் ஆரம்பித்தது இன்றைய இந்திய சுவிசேஷ லுத்தரன் சபை, ஐ.இ.எல்.சி. அவர்கள் விட்டு வந்த தாய் வீடு 1919-ல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை ஆனது. நம் கோவையிலும் அதன் சபை உண்டு. இரண்டு கடையும் மூடவில்லை. போதாக்குறைக்கு, இந்திய லுத்தரன் சபைகளின் கூட்டமைப்பில் இன்று இரண்டுமே உறுப்பினர்கள்! 1893-ல் முகம் பார்க்காமல் பிரிந்தவர்களின் வாரிசுகள், ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசுகிறார்கள்.

நேதருக்கு அந்த மேஜை தெரியாது. ஒன்பது வருஷத்தில் அவர் பார்த்ததெல்லாம் பள்ளிக்கூடம், பிரசங்கம், கடைசியில் பிளேக். பிரீஸ்ட்லியாவது கையில் கோப்பையோடு வீட்டுக்குப் போனார்.

என் கல்லூரி வாத்தியார் குட்வில்லைக் கணக்கிட ஒரு சூத்திரம் சொல்லிக் கொடுத்தார். கடந்த சில வருஷ லாபத்தின் சராசரியை, இத்தனை வருஷம் என்று பெருக்க வேண்டும். நேதரின் பேரேட்டில் லாபப் பத்தியே காலி. பெருக்கினால் வருவது பூஜ்யம்.

பரீட்சையில் அதற்கு முழு மார்க் கிடைக்கும். அடுத்த முறை பெங்களூர் பஸ் கிருஷ்ணகிரியில் நிற்கும்போது, அந்த விடை சரிதானா என்று நீங்களே சொல்லுங்கள்.