தலைப்பகுதி சிந்தும்போது: நடைத்தாள் பிழையறிதலில் பெயர்வெளி விதி

டிஇஐ என்னும் உரைக்குறியீட்டு நெறிமுறையின் பி4 பதிப்பில் அமைந்த ஆவணங்களுக்காக எழுதிய எக்ஸ்எஸ்எல்டி நடைத்தாளை, அடுத்த பதிப்பான ஒரு பி5 ஆவணத்தின்மேல் ஓட்டினால், பிழைச்செய்தி எதுவும் வராமலே இணையப் பக்கம் கெட்டுவிடும். வேர் வார்ப்புரு குறிப்பிட்ட பாதையில் உறுப்புகளைத் தேடுவதாக இருந்தால் உள்ளடக்கமில்லாத பக்கம் வரும். பாதை சொல்லாமல் மற்ற வார்ப்புருக்களை அழைத்தால், பத்தியும் செய்யுளடியும் பிரிவின்றி ஒட்டிய எழுத்துத் திரள் வரும். இந்த இரண்டாம் விளைவை வைத்து, எக்ஸ்எஸ்எல்டி 1.0-இன் 1999 பரிந்துரையிலுள்ள உள்ளமை விதிகள்மேல் பழி போடும் போக்கு இத்துறையில் நிலைத்திருக்கிறது. பொருந்தும் வார்ப்புரு இல்லாதபோது பிள்ளை உறுப்புகளுக்குள் இறங்கி எழுத்தை மட்டும் வெளியிடுபவை அவ்விதிகள். அவை தவறை மூடிவிடுகின்றன என்பது வாதம். என் பார்வையில் அவை தவறைக் காட்டிக்கொடுக்கின்றன.

காட்டிக்கொடுக்கும் இடம் ஆவணத்தின் தலைப்பகுதி. நூற்பெயர், பதிப்பாளர், வெளியீட்டு விவரம் ஆகியவை பக்கத்தில் கொட்டாமலிருக்க, அப்பகுதிக்கு உள்ளே ஒன்றுமில்லாத வார்ப்புரு ஒன்றை எழுதிவைப்பது பரவலான வழக்கம். ஒரு பத்தி வார்ப்புரு இயங்காததற்குக் காரணங்கள் பல: முன்னுரிமை, பயன்முறை, தவறான தேர்வு. தலைப்பகுதி அடங்கியிருக்க, பத்திகள் மட்டும் கெட்டால் அவற்றில் ஒன்றைத் தேடலாம். தலைப்பகுதியும் பக்கத்தின் உச்சியில் சிந்திக் கிடந்தால், ஒரு வார்ப்புரு தவறியிருக்கிறது என்று கொள்வதைவிட மொத்தப் பெயர்த்தொகுதியும் பொருந்தாமல் போயிற்று என்று கொள்வதே தகும். தலைப்பகுதியின் உறுப்புப் பெயர் பி4-இலும் பி5-இலும் ஒன்றே என்பதால் இச்சான்றின் வலு கூடுகிறது.

2007-இல் வெளிவந்த பி5 இரண்டு மாற்றங்களைச் சேர்த்தே செய்தது. டிஇஐ.2 என்ற வேர் உறுப்பு டிஇஐ ஆனது. உறுப்புகள் அனைத்தும் ஒரு பெயர்வெளிக்குள் சென்றன. முதல் மாற்றம் கண்ணில் படுகிறது, திருத்தப்படுகிறது. இரண்டாவது ஒரே ஒரு அறிவிப்பாக வேர் உறுப்பின் ஓரத்தில் நிற்கிறது. திருத்துபவர் அதைத் தாண்டிப்போய்விடுகிறார்.

அந்த ஓர் அறிவிப்பு வார்ப்புருக்கள் அனைத்தையும் பொருந்தாமல் செய்வதற்குக் காரணமான விதி, நடைத்தாள் உறுப்புகளைத் தேடப் பயன்படுத்தும் எக்ஸ்பாத் 1.0-இல், கணுச்சோதனை பற்றிய பகுதியில் இருக்கிறது; சர்ச்சைக்குரிய இடமும் அதுவே. முன்னொட்டு இல்லாத பெயருக்கு, எக்ஸ்எம்எல்என்எஸ் அறிவித்த இயல்புப் பெயர்வெளி பயன்படாது. அது எப்பெயர்வெளியிலும் சேராத பெயராகவே கொள்ளப்படும். பண்புகளின் பெயர்களும் இப்படித்தான் விரிக்கப்படுகின்றன என்று அடைப்புக்குறிக்குள் ஒரு குறிப்பும் உண்டு. அந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்டு, பண்புகளுக்கான வழக்கம் யோசனையின்றி உறுப்புகளுக்கும் நீட்டப்பட்டது, ஆகவே இது வரைவாளர்களின் கவனக்குறைவு என்று வாசிப்போர் உண்டு.

அடைப்புக்குறி முறையைச் சொல்கிறதே அன்றிக் காரணத்தைச் சொல்லவில்லை. காரணம் நடைத்தாளின் அமைப்பிலேயே இருக்கிறது. எக்ஸ்எச்டிஎம்எல் பக்கம் உருவாக்கும் நடைத்தாளில் இயல்புப் பெயர்வெளியாக வெளியீட்டின் பெயர்வெளியை அறிவிப்பது இயல்பு. பத்தியைக் குறிக்கும் பி என்ற உறுப்பு பி4-இலும் உண்டு, எக்ஸ்எச்டிஎம்எல்-இலும் உண்டு. அறிவிப்பு தேடலுக்கும் செல்லுபடியாகியிருந்தால், மூல ஆவணத்தின் பத்தியைத் தேடும் வார்ப்புரு வெளியீட்டுப் பெயர்வெளியின் பத்தியைத் தேடப் போயிருக்கும். பி4 ஆவணத்தில் அது எங்கும் கிடைக்காது. வெளியீட்டை மாற்றினால் உள்ளீட்டின் பொருத்தம் குலையக்கூடாது என்பதற்கான காப்பு இவ்விதி.

2007-இன் எக்ஸ்எஸ்எல்டி 2.0 இந்த விளக்கத்தை வலுப்படுத்துகிறது. அது பழைய விதியை நீக்கவில்லை. தேடலுக்கான இயல்புப் பெயர்வெளியைத் தனிப் பண்பில் அறிவிக்க இடம் தந்தது. பழைய நடைத்தாள்கள் கெடாதிருக்கவே அப்படிச் செய்தார்கள் என்று சொல்லலாம். ஓரளவு உண்மையும் இருக்கலாம். ஆனால் அதே பதிப்பு, பல மதிப்புகளில் முதலாவதை மட்டும் வெளியிட்ட வேல்யூ-ஆஃப் கட்டளையை எல்லாவற்றையும் வெளியிடும்படி மாற்றியது. பழைய நடத்தைக்கு 1.0 இணக்க முறையில் இடம் ஒதுக்கியது. மாற்ற நினைத்ததை மாற்றும் வழி வரைவாளர்களிடம் இருந்தது.

எச்டிஎம்எல் தரநிலை இவ்விதியிலிருந்து வேண்டுமென்றே விலகியதை எதிர்ச்சான்றாகக் காட்டுவோர் உண்டு. அந்த விலகல் எச்டிஎம்எல் ஆவணங்களுக்கானது. இங்கே பேசப்படுபவை டிஇஐ ஆவணங்கள். பொருந்தாத கணுவுக்கு எச்சரிக்கை கேட்கும் வசதி எக்ஸ்எஸ்எல்டி 3.0-இல் உண்டு என்பதும் இங்கே உதவாது; உலாவிகளுக்குள் அமைந்த எக்ஸ்எஸ்எல்டி செயலிகள் 1.0-ஐத் தாண்டவில்லை.

விதியைக் குறையாகக் கருதியதன் விலை, பரவிவிட்ட ஒரு மாற்றுவழி: பெயர்வெளியைப் புறக்கணித்து, லோக்கல்-நேம் சார்பால் உறுப்பைப் பிடிப்பது. பக்கம் அப்போதைக்குச் சரியாகும். ஆனால் முன்னொட்டுடன் எழுதிய எளிய பெயரின் இயல்பு முன்னுரிமை 0. நிபந்தனை சேர்த்த இந்த வடிவத்துடையது 0.5. குறிப்புக்குள் வரும் பத்திக்கென எழுதிய வார்ப்புருவுக்கும் அதே 0.5. இரண்டும் மோதும்போது 1.0 செயலி பிழை என்று அறிவிக்கலாம். அறிவிக்காவிட்டால் நடைத்தாளில் கடைசியாக வருவதை எடுக்க வேண்டும். அப்போது அடிக்குறிப்பின் வடிவத்தைத் தீர்மானிப்பது கோப்பில் எந்த வார்ப்புரு கீழே இருக்கிறது என்பதுதான். டிஇஐ பெயர்வெளிக்கு ஒரு முன்னொட்டை அறிவித்து, பாதையின் ஒவ்வொரு படியிலும் அதை எழுதினால் இந்தச் சிக்கல் எழுவதில்லை. அந்த முன்னொட்டின் அறிவிப்பு வெளியீட்டுப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கவும் 1.0-இலேயே ஒரு பண்பு உண்டு.