ஓலை சுமந்த சிறு கப்பல்

விருந்தில் இலையின் ஓரத்தில் வைக்கப்படுவது ஊறுகாய். அப்பெயரையே தாங்கிய சிறு போர்க்கப்பல் ஒன்று ஆங்கிலேயர் கடற்படையில் இருந்தது. ‘பிக்கிள்’ என்பது அதன் பெயர். இரண்டு பாய்மரங்கள், ஏறத்தாழ நாற்பது மாலுமிகள், சில சிறு பீரங்கிகள். இவையே அதன் உடைமை.

1805 அக்டோபர் 21 அன்று ஸ்பெயின் நாட்டு டிரபால்கர் முனையருகே, இங்கிலாந்தின் 27 பெருங்கப்பல்கள், பிரான்சும் ஸ்பெயினும் திரட்டிய 33 பெருங்கப்பல்களோடு பொருதன. அவ்வணியில் பிக்கிளுக்கு இடமில்லை. ஊறுகாய் போல் ஓரத்திலேயே நின்றது. ஆயினும், ‘அஷில்’ என்ற பிரெஞ்சுக் கப்பல் தீப்பற்றி எரிந்தபோது, கடலில் குதித்துத் தத்தளித்த பகைவர்களை மீட்ட கலங்களுள் அதுவும் ஒன்று.

வெற்றி கிட்டியது, தளபதி நெல்சன் மாண்டார். பொறுப்பேற்ற காலிங்வுட், இவ்விரு செய்திகளும் அடங்கிய மடலைப் பிக்கிளின் தலைவர் லெப்டினன்ட் லாபெனோட்டியரிடம் ஒப்படைத்தார். அக்டோபர் 26இல் புறப்பட்ட கப்பல் வழியில் புயலிற் சிக்கியது. பாரங் குறைக்க நான்கு பீரங்கிகளைக் கடலில் எறிந்துவிட்டு, நவம்பர் 4இல் பால்மவுத் துறையை அடைந்தது. அங்கிருந்து இலண்டன் 271 மைல். மின் தந்தியும் பயணிகள் ரயிலும் தோன்றாத காலம் அது. லாபெனோட்டியர் வண்டியேறி, 21 முறை குதிரை மாற்றி, சுமார் 37 மணி நேரத்தில், 6ஆம் நாள் நள்ளிரவு கடந்து ஒரு மணிக்கு, கடற்படைத் தலைமையகத்தில் மடலைச் சேர்ப்பித்தார்.

வண்டிப் பயணத்திற்கு அவர் காட்டிய செலவு 46 பவுன், 19 ஷில்லிங், 1 பென்னி. பயணப்படிப் பட்டியல்களோடு நாள்தோறும் மல்லாடும் ரயில்வே குமாஸ்தாக்களாகிய நமக்கு, அந்த ஒரு பென்னியைக் காணும்போது உள்ளம் நெகிழ்கிறது! ஒரு நாடே களித்த, ஒரு நாடே அழுத செய்தியைக் கொணர்ந்தவரும் கணக்கெழுத வேண்டியிருந்தது.

1807இல் பிரெஞ்சுக் கலம் ஒன்றைச் சிறைப்பிடித்த பிக்கிள், 1808 ஜூலையில் காடிஸ் அருகே தரைதட்டி உடைந்தது. மாலுமிகள் அனைவரும் உயிர் தப்பினர். அப்போதும் அது சுமந்து சென்றது காலிங்வுட்டுக்குரிய கடிதங்களையே.

நெல்சன் உயிர்நீத்த ‘விக்டரி’ கப்பல் போர்ட்ஸ்மவுத்தில் இன்றும் நிற்கிறது. பிக்கிளின் பலகை ஒன்றைத்தானும் அவ்வாறு காட்டுவாரில்லை. எனினும், பிரிட்டிஷ் கடற்படையின் கீழ்நிலை அதிகாரிகள் ஆண்டுதோறும் நவம்பரில் ‘பிக்கிள் இரவு’ என விருந்து கூடி அதனை நினைவுகூர்கின்றனர்.

ஊரைவிட்டு வந்து, பிறருடைய சரக்குகளுக்கும் சீட்டுகளுக்கும் கணக்கெழுதிக் காலங்கழிக்கும் நம்மனோர்க்கு இதில் ஓர் ஆறுதல் உண்டு. ஊறுகாயின்றி விருந்து நிறைவதில்லை அன்றோ!