ஜெர்மனிக்காரர் காலும் நாகல்கேணி கிணறும்

தாம்பரம் போகிற மின்சார ரயிலில் பல்லாவரத்துக்கு அடுத்த ஸ்டேஷன் குரோம்பேட்டை. சைதாப்பேட்டை, ராயப்பேட்டை மாதிரி இதுவும் ஒரு பேட்டை என்று கடந்து போய்விடுகிறோம். அந்தக் 'குரோம்' யாரோ வெள்ளைக்காரத் துரையின் பெயர் என்று நினைப்பவர்கள் உண்டு. துரை இல்லை, உலோகம். எவர்சில்வர் டம்ளரைத் துருப்பிடிக்காமல் காக்கிற அதே குரோமியம்.

துரைகளும் கதையில் உண்டு. ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்றொருவர், சென்னை ஓவியப் பள்ளியில் (இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி) உட்கார்ந்துகொண்டு தென்னாட்டில் என்ன தொழில் தொடங்கலாம் என்று யோசித்துக்கொண்டே இருந்தவர். அலுமினியப் பாத்திரம் நம் அடுப்படிக்கு வந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் கண் கவலை ஏற்றத்தின் மேல் விழுந்தது. மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற அந்தத் தோல் சால், ஆவாரம்பட்டையில் பதனிட்டது. நனைந்து நனைந்து சீக்கிரம் கெட்டுவிடும். குரோமிய உப்பில் பதனிட்டால் தண்ணீரைத் தாங்கும் என்று செய்து காட்டினார். ஆக, சென்னையில் குரோம் தோல் பிறந்ததே விவசாயியின் கிணற்றுக்காக! இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த சில ஆண்டுகளில் ஜி.ஏ. சேம்பர்ஸ் என்ற இன்னொரு துரை பல்லாவரத்தை ஒட்டி குரோம் லெதர் கம்பெனியை நிறுவினார். கம்பெனி பெயர் ஊர்ப் பெயராகிவிட்டது. கம்பெனி போய்விட்டது, பேட்டை நிற்கிறது. பல்லாவரம், நாகல்கேணி பக்கம் சின்னச் சின்ன டேனரிகள் நிறைய முளைத்தன.

பட்டையில் ஊறப்போட்டால் வாரக்கணக்கில் ஆகிற வேலை, குரோமியத்தில் ஓரிரு நாளில் முடிந்துவிடும். வியாபாரிக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் தண்ணீர் குடிக்கும். ஒரு கிலோ தோலைத் தயார்செய்ய சுமார் 35 லிட்டர் தண்ணீர், 170 வகை ரசாயனங்கள் என்று உச்ச நீதிமன்றமே பின்னாளில் ஒரு தீர்ப்பில் எழுதியது. உப்பும் சுண்ணாம்பும் குரோமியமும் கலந்த அந்தத் தண்ணீர் பள்ளத்தைப் பார்த்து ஓடியது, மண்ணுக்குள் இறங்கியது. நாகல்கேணியின் பெயரிலேயே கேணி இருக்கிறது. கேணித் தண்ணீர்தான் வாயில் வைக்க முடியாமல் போனது.

இப்போது ஜெர்மனிக்குப் போவோம்.

பதனிட்ட ஈரத்தோல் நீல நிறமாக இருக்கும். டேனரியில் அதை 'வெட் புளூ' என்பார்கள். கப்பலில் போகும்போது அதில் பூஞ்சை பிடிக்காமலிருக்க பென்டாகுளோரோஃபீனால், சுருக்கமாக பி.சி.பி., என்ற மருந்தைச் சேர்ப்பது வழக்கம். அது உடம்புக்கு ஆகாது என்று 1989 டிசம்பரில் ஜெர்மனி சட்டம் போட்டது. ஒரு கிலோ தோலில் 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் சரக்கு உள்ளே வராது. நம் தோலுக்கு ஜெர்மனி மிகப் பெரிய வாடிக்கை. சரக்கு திரும்பி வந்தால் குடும்பமே நடுத்தெருவில்.

சும்மா சொல்லக்கூடாது, நம்மவர்கள் பறந்தார்கள். அடையாறில் 1948-லிருந்து இயங்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் மாற்று மருந்துகளைச் சோதித்துச் சொன்னது. பரிசோதனை வசதிகள் வந்தன. மத்திய அரசும் தன் பங்குக்குத் தடை போட்டது. சில ஆண்டுகளில் பி.சி.பி. என்ற பேச்சே அடங்கிவிட்டது. 1994-ல் சில அசோ சாயங்களுக்கு ஜெர்மனி தடை போட்டபோதும் கிட்டத்தட்ட இதே கதைதான். 1997-க்குள் இந்தியாவே 112 சாயங்களைத் தடைசெய்திருந்தது.

என்ன செய்தும் மாறமாட்டார்கள் என்று பெயரெடுத்த தொழில், மாறிக் காட்டிவிட்டது. ஆனால் எந்த விஷயத்தில் என்று கவனியுங்கள். ஹாம்பர்க்கில் ஷூ போடுகிறவரின் காலில் படுகிற ரசாயனம் போனது. நாகல்கேணியில் தண்ணீர் சேந்துகிறவரின் குடத்தில் விழுகிற ரசாயனம் அப்படியே இருந்தது. ஷூவோடு கடல் தாண்டிப் போகிற விஷத்துக்கு இருந்த மதிப்பு, இங்கேயே தங்கிவிடுகிற விஷத்துக்கு இல்லை!

ஜெர்மன் வாடிக்கையாளரைத் திட்டி என்ன பயன்? அவர் கடையில் நின்று பி.சி.பி. இல்லாத ஷூ கொடு என்று கேட்கவும் இல்லை. அவருக்காக அவருடைய சர்க்கார் கேட்டது. நம் கிணற்றுக்காகக் கேட்க வேண்டிய சர்க்கார், அந்நியச் செலாவணிக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கடைசியில் கேட்டவர்கள் வேலூர்க்காரர்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா. 1996 ஆகஸ்ட் 28-ம் தேதி நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவனே பணம் கட்ட வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அடித்துச் சொன்ன தீர்ப்பு அது. ஐந்து மாவட்டங்களின் டேனரிகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். ஐந்தில் ஒன்று செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம். பல்லாவரமும் குரோம்பேட்டையும் அன்றைக்கு அதில்தான் இருந்தன.

சரி, ஒரு பொருள் நியாயமாகச் செய்யப்பட்டது என்று தெரிந்தால் ஜனங்கள் நாலு காசு கூடக் கொடுக்க மாட்டார்களா? கொடுப்பார்கள். 2005-ல் ஹிஸ்காக்ஸ், ஸ்மைத் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நியூயார்க்கில் ஒரு பெரிய கடையில் சோதித்துப் பார்த்தார்கள். சில துண்டுகள், மெழுகுவத்திகள் மீது மட்டும் 'தொழிலாளருக்கு நியாயம் செய்து தயாரித்தது' என்ற அர்த்தத்தில் ஒரு சீட்டு. விற்பனை ஏறியது. பிறகு அவற்றின் விலையை 10, 20 சதவிகிதம் உயர்த்தினார்கள். அப்போதும் விற்பனை குறையவில்லை, ஏறியது.

ஆனால் அது சௌகரியமான கடை. துண்டுக்கு விலை பார்க்காதவர்கள் வருகிற இடம். அதைவிடப் பெரிய சங்கடம், சீட்டு ஒட்ட ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஆட்டுத்தோல் சந்தையிலிருந்து மண்டிக்கு, மண்டியிலிருந்து டேனரிக்கு, அங்கிருந்து இன்னொரு டேனரிக்கு, பிறகு ஷூ கம்பெனிக்கு, பிறகு ஏதோ ஒரு வெளிநாட்டு பிராண்டுக்கு. இத்தனை கை மாறிய பிறகு எந்த ஊர்க் கிணற்றைப் பற்றி எந்தச் சீட்டில் எழுதுவது? வாங்குகிறவருக்கு மனசாட்சி இருந்தும் முகவரி இல்லை.

நம் ஊரில் 2014 ஏப்ரலிலிருந்து சமூகப் பொறுப்பையும் சட்டமாக்கிவிட்டார்கள். 2013-ம் வருடத்துக் கம்பெனிச் சட்டத்தின் 135-வது பிரிவு. பெரிய கம்பெனிகள் மூன்று வருட சராசரி லாபத்தில் 2 சதவிகிதம் நல்ல காரியத்துக்குச் செலவழிக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு பெஞ்ச், ஆஸ்பத்திரிக்கு மெஷின், கூடவே ஒரு போட்டோ. வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் லாபம் 5 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர மதிப்பு 500 கோடி, இவற்றில் ஒன்றையாவது தொடுகிற கம்பெனிக்குத்தான் இந்தச் சட்டம். சந்துக்குள் நாலு உருளை சுழற்றுகிற டேனரி இந்தக் கணக்கிலேயே வராது. வருகிறவர்களையும் லாபத்தை எப்படிச் செலவழித்தாய் என்றுதான் இந்தப் பிரிவு கேட்கிறது. எப்படிச் சம்பாதித்தாய் என்பது வேறு இலாகா.

பல்லாவரம் பகுதி டேனரிகளுக்குப் பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் 1990-களிலேயே வந்துவிட்டது. சாதாரண சுத்திகரிப்பில் குரோமியத்தைப் பெருமளவு பிடித்துவிடலாம். உப்பு அப்படிப் பிடிபடாது. தண்ணீரில் கரைந்தபடியே வெளியே வரும். மண்ணில் ஏற்கெனவே இறங்கியதும் லேசில் போகிற சமாச்சாரமில்லை. தீர்ப்பு வந்து பதினைந்து வருடங்கள் கழித்தும், குரோம்பேட்டை சுற்றுவட்டாரத்து நிலத்தடி நீரைச் சோதித்த அண்ணா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பெரும்பாலான மாதிரிகளில் குரோமியம் குடிநீருக்கான வரம்பைத் தாண்டியிருப்பதாக எழுதினார்கள். பாலாற்றங்கரை டேனரிகள் பற்றி 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடி ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்டஈடு கொடு, ஆலைகளிடம் வசூல் பண்ணு என்று.

2021-ல் உருவான தாம்பரம் மாநகராட்சிக்குள் இப்போது பல்லாவரமும் குரோம்பேட்டையும் அடக்கம். ஜி.எஸ்.டி. சாலையில் மாடி மாடியாகக் கடைகள். செருப்புப் பிரிவில் ஒரு லெதர் ஷூவைத் திருப்பிப் பாருங்கள். அளவு இருக்கும், விலை இருக்கும், அசல் தோல் என்பதற்கு அடையாளமாகத் தோல் வடிவில் ஒரு முத்திரையும் இருக்கும். எந்த டேனரித் தோல் என்று விற்பனைப் பையனைக் கேட்டால், அவர் சூப்பர்வைசரைக் கூப்பிடுவார்.